தினப்படிக்கு ஒரு பேனா

கடைக்காரர் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். புத்தம் புது நிப்பை நாக்கில் வைத்து இப்படியும் அப்படியுமாக ஒரு நக்கு நக்கினார். வேட்டித் தலைப்பில் துடைத்து, மைப்புட்டியில் முக்கி, "எழுதிப் பாருங்கம்மா" என்று நீட்டினார். மங்கையர்க்கரசி நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "புது நிப்புல எண்ணெப் பிசுக்கு இருக்கும்மா, எச்சி பட்டாத்தான் மை எறங்கும்" என்று அவர் சிரித்தார். சிரிக்கும்போது நாக்கு தெரிந்தது, நுனி முழுக்க நீலம். எத்தனை பேனாவை நக்கிய நாக்கோ. இந்த மனிதரின் எச்சிலைத் தொட்டு எத்தனை பேர் பரீட்சை எழுதியிருப்பார்கள், எத்தனை பேர் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீல நாக்கு. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனத்தை இழுத்துப் பிடித்தாள். மனம் கேட்குமா? அது முளையைப் பிடுங்கிக்கொண்ட மாடு, எங்கே மேயக் கூடாதோ அங்கேதான் வாய் வைக்கும். உதடுகளிலும் நகக்கண்களிலும் நீலம் பாரித்திருந்தது. அது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் டாக்டர் எழுதிய வாசகம். நான்கு உடலுக்கும் அதே வாசகம், ஒரு எழுத்துக்கூட மாறாமல். சின்னவளுக்கு வயது ஆறு. ஆறு வயதுக் குழந்தையின் நகக்கண் எவ்வளவு பெரிதாக இருக்கும்? அரிசி அளவு இருக்குமா? அந்த அரிசிக்குள் நீலத்தைத் தேடிப் பார்த்து எழுதிய டாக்டருக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கியிருக்குமா? "எழுதுங்கம்மா, பயப்படாதீங்க, கடிக்காது" என்றார் கடைக்காரர். அவள் கைக்குட்டையால் பிடித்துப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

எழுதிப் பார்ப்பதற்கென்று ஒரு காகித அட்டையைத் தள்ளினார். அதில் ஊரே எழுதியிருந்தது. பிள்ளையார் சுழி, சுருள் சுருளாகக் கோடு, யாரோ ஒருவரின் பெயர், அதைச் சுற்றி ஒரு இதயம், பிறகு அதன் மேலேயே ஓர் அடித்தல் கோடு. அடியில் ஒரு எண்ணெய்க் கறை, வடையோ போண்டாவோ தின்ற விரல். எல்லாருடைய வேர்வையும் ஒரே காகிதத்தில். அதன் மேல் தன் மணிக்கட்டை வைக்கவே அவளுக்குக் கூசியது. எதை எழுதுவது? மற்றவர்கள் பெயரை எழுதுவார்கள், கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். ஜில்லா ஜட்ஜ் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா? நந்தி கோயில் தெருவில் ஒரு பேனாக் கடையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல வேடிக்கைதான். சேம்பர் வாசலில் நிற்கும் டபேதாரிடம் சொல்லவில்லை. கார் வேண்டாம் என்று டிரைவரை அனுப்பிவிட்டாள். பழைய சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஆட்டோ பிடித்து, தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளியே இறங்கி நடந்து வந்தாள். எதற்கு இவ்வளவு ஒளிவு? ஒரு பேனா வாங்கத்தானே. கத்தரிக்காய் வாங்கவா இவ்வளவு யோசித்தாள்? கை தானாக எழுதியது: திங்கள். அதன் கீழே மறுபடியும் திங்கள். நிப்பு சரசரவென்று காகிதத்தைக் கீறியது. மை ஒரு பக்கம் குட்டையாகத் தேங்கி இன்னொரு பக்கம் வறண்டது. "தினப்படிக்குத்தானேம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, தினப்படிக்குத்தான். சின்னதா இருக்கணும், கைப்பைக்குள்ள படுத்துக்கற மாதிரி. ஒழுகக் கூடாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகக் கூடாது, நாள்பட உழைக்கணும்." கடைக்குள் நுழைந்ததும் சொன்னதை அப்படியே திரும்பவும் சொன்னாள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த சாட்சியைப் போல. அப்படிச் சொல்லும் சாட்சியை அவள் நம்பவே மாட்டாள், குறுக்கு விசாரணைக்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட பேனா அவளிடம் இருக்கிறது, அதுதான் சங்கதி. முன்சீப்பாக முதல் போஸ்டிங் போவதற்கு முதல் நாள் சென்னையில் வாங்கியது. உள்ளங்கை நீளம்தான், மூடியைப் பின்னால் செருகினால்தான் முழுப் பேனா ஆகும். எஃகு உடம்பு. மூடியில் ஒரு நசுங்கல், எந்த ஊர்க் கோர்ட்டில் விழுந்தது என்பது மறந்துவிட்டது. நிப்பு அவள் கை சாயும் பக்கமாகவே தேய்ந்து, வேறு யார் வாங்கி எழுதினாலும் கீறும், அவள் தொட்டால் மட்டும் எண்ணெயில் வழுக்குவது போல ஓடும். ஜாமீன், பாகப் பிரிவினை, ஜீவனாம்சம், வாடகைத் தகராறு, திருட்டு, கொலை, எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டைப் பேனாதான். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் பேங்கில் இருக்கிறார். அவரிடம்கூட வருஷத்தில் இரண்டு மூன்று முறை கோபித்துக்கொண்டிருக்கிறாள். பேனாவிடம் ஒரு நாள் கோபித்துக்கொண்டதில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது. ஒழுகவில்லை, ஒன்றுமில்லை. பிறகு எதற்கு இன்னொன்று? கைக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டுமே என்று நேற்று ராத்திரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமா? அவளுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைத்தெருவுக்குத் துரத்தியது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை நெருங்கும்போதெல்லாம் மனம் வழுக்கி வேறு பக்கம் போய் விழுகிறது. கடைக்காரரின் பனியனில் அக்குள் பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம். கண்ணாடிப் பெட்டியின் மூலையில் செத்த ஈ ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே தங்க முலாம் பூசிய பேனாக்கள் பட்டு மெத்தையில் படுத்திருக்கின்றன.

சிரஸ்தார் சொன்னதுதான் ஆரம்பம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோர்ட் கலைந்த பிறகு, சேம்பர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார். சிரஸ்தார் ஞானப்பிரகாசம், கோர்ட் ஆபீசுக்கே பெரியவர், ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலம்தான். "அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைச்சுக்கப்படாது. திங்கக்கெழமைக்கு உங்க பேனாவக் கொண்டாராதீங்க. சின்னதா புதுசா ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்துருங்க. முன்ன இருந்த ஜட்ஜ் அய்யா ஒருத்தரு பாருங்க, மாமனார் போட்ட பேனாவ வெச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு, அதையே உடைச்சுட்டு, அப்புறம் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தாரு." உடைப்பது என்றால் நிப்பை உடைப்பது. தூக்குத் தண்டனையில் கையெழுத்துப் போட்ட பேனா வேறு எதற்கும் ஆகாது என்று, போட்ட கையோடு நிப்பை மேஜையில் குத்தி முறித்துவிடுவார்கள். சட்டத்தில் எங்கேயும் அப்படி இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கமோ, யார் கிளப்பிவிட்டதோ. ஒரு உயிரை எடுத்த முள் இன்னொரு எழுத்தை எழுதக் கூடாது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். அவள் இதுவரை எந்த நிப்பையும் உடைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவள் செய்திருக்க வேண்டியது என்ன? "வெளியே போங்க ஞானப்பிரகாசம். தண்டனை என்னன்னு நீங்களா முடிவு பண்றீங்க?" என்று ஒரே போடு போட்டிருக்க வேண்டும். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் வாய் அப்படிப்பட்ட வாய்தான், பார் அசோசியேஷனில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்று? "சரி, பாக்கறேன்" என்றாள். பாக்கறேன் என்ற அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது, வெள்ளியிலிருந்து. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஏனென்றால் அன்றைக்கு மத்தியானம் அவள் சொன்னது குற்றவாளி என்பதை மட்டும்தான். தண்டனை வேறு, அதற்கு அவனைத் தனியாகக் கேட்க வேண்டும், கேட்டு, அவன் சொல்வதை எடைபோட்டு, அப்புறம்தான் தண்டனை. கேட்டாள். கூண்டில் தனராசு நின்றுகொண்டிருந்தான். லால்குடிப் பக்கத்துக்காரன், வாழை போட்டவன். கிணறு அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது, மோட்டார் போடுவதில் இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை. அந்த முறையில் தகராறு. அண்ணன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் பூச்சிமருந்தைக் கலந்தான். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். மறுநாள் விடிகிறபோது ஊரே அண்ணன் வீட்டில் ஓலமிட்டுக்கொண்டிருக்க, இவன் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சினானாம். பக்கத்துக் கொல்லைக்காரர் சாட்சி சொன்னார், "எளவு வீட்டுச் சத்தத்துல மோட்டார் சத்தமும் சேந்து கேட்டுச்சுங்கம்மா" என்று. அதைக் கேட்டபோது முதல்முதலாக அவளுக்கு அந்த மனிதன் மேல் அருவருப்பு வந்தது. கோபம் இல்லை. கோபமென்றால் அவளுக்குப் பழக்கம், கோபத்தை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தெரியும். இது வேறு. ஈரச் சுவரில் கை வைத்து, வைத்த இடத்தில் மரவட்டை நெளிந்தால் வருமே, அது. அவன் மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைப்பான். கூண்டுக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பான், நகத்துக்குள் கறுப்பாய் அழுக்கு. அந்தக் கைதானே குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தது? கரண்டியால் கலக்கினானா? கலக்கிவிட்டுக் கரண்டியை எங்கே வைத்தான்? அதை மறந்துபோய் நாக்கில்… சீ. "தண்டனையைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று அவள் கேட்டாள். அவன் சுரண்டுவதை நிறுத்தினான். "இப்ப ஒண்ணும் வாயில வரலைங்கம்மா. திங்கக்கெழம சொல்றேன். யோசிச்சுக்கிட்டு வரேன்" என்றான். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் திங்கள் என்று தேதி போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இல்லை. சமையல் செய்யும் பாக்கியம் குழம்பை இறக்கி வைத்தால் அந்த மூடியைத் திறக்க முடிவதில்லை. ஆவி முகத்தில் அடித்தால் போதும், இரைப்பையில் பாதி செரித்த சோறு, கருவாட்டுத் துணுக்கு, மண்ணெண்ணெய் போன்ற நெடி என்ற அந்த அறிக்கையின் வரிகள் கண் முன்னால் வந்து நிற்கின்றன. தயிர்ச்சோறு தின்று பார்த்தாள். தயிரும் நாறியது. பாக்கியம் மட்டும் சளைக்காமல், "வெறும் வயித்தோட கெடந்தா புத்தி தடுமாறும்மா" என்றாள். தடுமாறத்தான் செய்கிறது. ஜுடிஷியல் அகாடமியில் பாடம் எடுத்த பெரியவர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது, உங்களுக்கு ஒரு கைதியைப் பார்த்துக் கோபம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்று. அருவருப்பு வந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, எல்லாரும் டீ இடைவேளைக்காகக் காத்திருந்தார்கள். "இந்தாங்க, இதைப் பாருங்கம்மா, இது நல்ல கனம், அப்படியே கல்லு" என்று கடைக்காரர் இன்னொரு பேனாவை நக்கி நீட்டினார். சின்னது, உருண்டையாகக் கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளி வளையம். நல்ல பேனா. பார்த்தாலே தெரிந்தது, நாள்பட உழைக்கும். அவள் அதை வாங்கி, எழுதாமல், நிப்பின் முனையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஊன்றி அமுக்கினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். எஃகு நிப்பு, இரும்பு அலகு போல நின்றது. "இது வேணாம்" என்றாள்.

அடுத்தது சிவப்பு. அதையும் அமுக்கினாள். லேசாக வளைந்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. "வேணாம்." அடுத்தது பச்சைக் கோடு போட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. கட்டைவிரலால் நிப்பின் முதுகைத் தள்ளிப் பார்த்தாள். நிப்பு, அடியிலிருந்த நாக்குக் கட்டையை விட்டுச் சட்டென்று எழும்பியது, இரண்டு பிளவும் விரிந்து நண்டுக் காலாய்ப் பிரிந்தது. அந்தக் கணத்தில் அவள் விரலுக்கு ஒரு திருப்தி வந்தது. விரலுக்குத்தான். இதோ, இதுதான், இதுதான் சரி என்று விரல் சொன்னதை மண்டை கேட்டது. கடைக்காரர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். தன் கையை யாரோ ஒருத்தியின் கை போலப் பார்த்தாள். நீளமான விரல்கள், நகம் ஒட்ட வெட்டியது, சுத்தமான கை, தினம் இருபது தடவை சோப்புப் போட்டுக் கழுவும் கை. அந்தச் சுத்தமான கை ஒரு மனிதனைச் சாகடிக்கத் தோதான பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. உறுதியானது வேண்டும், நாள்பட உழைப்பது வேண்டும் என்று வாய் சொல்கிறது, கையோ எது சீக்கிரம் முறியும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. யோசிச்சுக்கிட்டு வரேன் என்று போயிருக்கிறான். உயிர் போவதற்கு முன்பே பாடை கட்ட மூங்கில் வெட்டப் போகிற ஜென்மங்களை அவள் சின்ன வயதில் ஊரில் பார்த்திருக்கிறாள். நோயாளி உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான், இவர்கள் வாசலில் கயிற்றின் நீளத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் கண்டால் அவளுக்கு எச்சில் துப்பத் தோன்றும். இப்போது அந்த எச்சில் வாய்க்குள் ஊறியது. துப்ப இடம் தெரியவில்லை.

அவள் அந்தப் பச்சைக் கோட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். அப்படியானால் கறுப்பை வாங்கிவிடலாமா, அந்தக் கல் மாதிரி இருப்பதை? உடையவே உடையாததை வாங்கிக்கொண்டு போய்விட்டால்? ஆயுள் தண்டனை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அதுவும் தீர்ப்புதான். அதுவும் அவனைக் கேட்காத தீர்ப்புதான். அந்தக் கடையில் எந்தப் பேனாவைத் தொட்டாலும் அது ஒரு தீர்ப்பு. இப்போது ஜெயிலில் அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? ஐந்தரை மணிக்கே சோறு கொடுத்து அடைத்துவிடுவார்கள். சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பானா? ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, இது வேண்டாம், அது வேண்டாம் என்று தள்ளிவைத்துக்கொண்டிருப்பானா? அவனுக்கு அதிகம் பேச வராது. விசாரணை முழுக்க ஆமாங்க, இல்லைங்க, தெரியாதுங்க, அவ்வளவுதான். இப்படிப்பட்டவன் இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு யோசிக்கிறான் என்றால் எதை யோசிக்கிறான்? எனக்கும் பிள்ளைங்க இருக்குங்கம்மா என்பானா? எல்லாரும் சொல்வது அது, பழகிப்போனது, அதைக் கேட்டுவிட்டுத் தூங்கலாம். அல்லது நான் செய்யலைங்கம்மா என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவானா? அதுவும் பரவாயில்லை, அதற்கும் பதில் கோப்பில் இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? அவளிடம் பதில் இல்லாத ஏதாவது? தூக்குக் கொடுக்கச் சட்டம் கேட்கும் அரிதினும் அரிதான வழக்கு என்பதற்கு அவள் ஏற்கெனவே மனத்துக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தாள். பிஞ்சுக் குழந்தைகள், நம்பி உண்ட சோறு, வாழைக்குப் பாய்ந்த தண்ணீர். ஒவ்வொரு வாக்கியமும் சுத்தமாக, கச்சிதமாக. அவை எல்லாம் உண்மையும்கூட. உண்மையாக இருப்பதுதான் இதில் பெரிய தொல்லை. அவன் என்ன பேசிவிடப் போகிறான் என்று வெள்ளியிலிருந்து எத்தனை தடவை நினைத்திருப்பாள்? பல் விளக்கும்போது, பாக்கியம் மூடியைத் திறக்கும்போது, ஆட்டோவில் வரும்போது. அவன் என்ன பேசிடப் போறான். அவன் என்ன பேசிடப் போறான்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் கடைக்காரர். முன்னால் நின்ற ஒருவருக்கு ரீஃபில் கொடுத்தனுப்பிவிட்டு, பின்பக்கத் திரையை விலக்கி உள்ளே போனார். அட்டைப் பெட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் நின்றாள். மின்விசிறி மேலே கடகடவென்று சுற்றி, மை நாற்றத்தையும் வேர்வை நாற்றத்தையும் கலந்து கலந்து அவள் முகத்திலேயே கொட்டியது. அவர் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்தார். உள்ளே மெலிந்த கறுப்புப் பேனா, சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். "இதை எடுத்துக்கங்கம்மா. பழைய சரக்கு. நிப்பு பாருங்க, வெறும் தகடு. ஒரு பக்கம் எழுதும், தாங்கும். அப்புறம் லேசா ஒரு குத்துக் குத்தினாப் போதும், படக்குன்னு போயிரும்." "நான் தினப்படிக்குத்தானே கேட்டேன்?" என்றாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் குனிந்தார். வெற்றிலையும் மையும் கலந்த மூச்சு முகத்தில் பட்டது. "தெரியும்மா. நேத்து பேப்பர்ல படம் பாத்தேன். நீங்க உள்ள காலெடுத்து வெக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்ல மாட்டீங்க, உங்க பதவி அப்படி. அதான் நானும் தெரியாத மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டேன்."

அவளுக்குக் காது சுட்டது. இவ்வளவு நேரமும் இந்த மனிதர் அவளோடு சேர்ந்து நடித்திருக்கிறார். ஒவ்வொரு பேனாவையும் நக்கி நக்கி நீட்டியபோதெல்லாம் அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரிந்தேதான் நீட்டியிருக்கிறார். "எவ்வளவு?" என்று கேட்டாள். "ஐயோ, இதுக்குப் போய்க் காசு வாங்குவேனாம்மா? அந்தப் புள்ளைங்களுக்காக என் கையால ஒண்ணு. எனக்கும் பேத்தி இருக்கா, அந்தச் சின்னது வயசுதான். பேப்பரைப் படிச்ச அன்னிலேருந்து அவ சோறு திங்கறதப் பாக்க முடியல, தட்டைப் பாத்தா பகீர்ங்குது." கண் கலங்கிப்போயிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. பொய்க் கண்ணீரை அடையாளம் காண்பது அவள் தொழில். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உடைச்சப்புறம் அந்த நிப்பை மட்டும் எனக்குக் குடுத்தனுப்புங்க. கல்லாவுல சாமி படத்துக்குக் கீழ வெச்சுக்குவேன்." உயிரெடுத்த தகட்டுக்குச் சந்தனம் வைத்துப் பூப்போடப் போகிறார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். சீ என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவரும் அவளைப் போலத்தான் சோற்றுத் தட்டைப் பார்க்க முடியாமல் இருக்கிறார். அவரும் அவளைப் போலத்தான் முன்கூட்டியே திங்கட்கிழமைக்குள் குடியிருக்கிறார். அவர் அதை வாய்விட்டுச் சொல்கிறார், அவள் சுங்குடிச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள், வித்தியாசம் அவ்வளவுதான். அவர் பேனாவை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். ஈரமான கை. கனமே இல்லை அந்தப் பேனாவுக்கு, காய்ந்த குச்சி போல இருந்தது.

விரல்களைப் பிரிக்க அவள் சிரமப்பட்டாள். பிரித்து, பேனாவைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினாள். "அவன் இன்னும் பேசலைங்க" என்றாள். "யாரும்மா?" "அவன்தான். நாளைக்குப் பேசறேன்னு சொல்லியிருக்கான். நான் கேக்கணும்." கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கியது, ஏதோ அழுகினதை மிதித்துவிட்டவரைப் போல. "அவன் என்னம்மா பேசிடப் போறான்?" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வாக்கியம். அதே இழுப்பு, அதே அலட்சியம். அவள் மண்டைக்குள் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது அந்த நீல நாக்கிலிருந்து சுளையாக வெளியே விழுந்தது. எவ்வளவு அசிங்கமாக இருந்தது அது, வெளியே கேட்கும்போது. பதில் சொல்லாமல் நகர முடியாது, அவர் கலங்கிய கண்ணோடு காத்துக்கொண்டிருந்தார். "தெரியாதுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவன் நாளைக்கு வாயைத் திறந்து, மரவட்டையாக இல்லாமல், ஒரு மனுஷன் பேசுவதைப் போல எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவானோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அவள் இவ்வளவு அவசரமாகப் பேனா தேடி ஓடிவந்திருக்கிறாள். தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். மங்கையர்க்கரசி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்ப பேனா வேணாமாம்மா?" என்றார் கடைக்காரர், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"அவன் பேசினப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.